ஆள் வராத கூட்டமும் கொல்பேரின் வெள்ளிக் காசும்

“கூட்டம் போட்டோம், ஆள்தான் வரவில்லை” என்ற புலம்பல் இன்று நேற்று ஆரம்பித்தது இல்லை. கூட்டம் என்று ஒன்று உண்டான நாளிலிருந்தே அதுவும் கூடவே வருகிறது. ஆளை வரவழைக்க மனிதர்கள் கண்டுபிடித்த வைத்தியங்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. சிலது பலித்திருக்கிறது. சிலது நோயைவிட மோசமாகப் போயிருக்கிறது. இந்தத் தடவை அந்தக் கதையை எழுதுகிறேன்.

ஏன் இந்த விஷயம் என்று நம் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தத் தெருவை எடுத்தாலும் யாராவது ஒரு பிள்ளை கம்பெனி பஸ் ஏறுகிறது. கம்பெனி என்றால் வேலை மட்டும் இல்லை. ஆண்டு விழா, குடும்ப தினம், மார்ச் 4-ல் பாதுகாப்பு தினம், ஆயுத பூஜை, ரத்த தான முகாம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு நிகழ்ச்சி. நம் காலத்தில் பர்சனல் டிபார்ட்மெண்ட் என்றோம், இப்போது எச்.ஆர். என்கிறார்கள். அந்தப் பிரிவில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டால் பெரிய தலைவலியே இதுதான் என்கிறார்கள். பந்தல் போட்டாயிற்று, சாப்பாடு சொல்லியாயிற்று, நாற்காலி பாதி காலி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படியும் கைமாறியது. கொடி மாறியதே தவிர எங்கள் பாடப் புத்தகம் மாறவில்லை. ராஜராஜ சோழனைத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி கொல்பேரைத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். அப்போது அலுத்துக்கொண்டுதான் படித்தோம். இந்தக் கட்டுரைக்கு அந்தக் கொல்பேரே கைகொடுக்கிறார்.

அவர் செய்த மூன்று காரியங்கள் நமக்கு வேண்டும்.

முதலாவது, 1664-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பித்தார். பத்து வருஷத்துக்குள் அந்தக் கம்பெனிதான் புதுச்சேரியில் வந்து இறங்கியது. இரண்டாவது, 1665-ல் வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக்குப் போட்டியாக ராஜாவின் பெயரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்கு ஏற்பாடு செய்தார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் இருக்கும் 357 கண்ணாடிகளும் அந்தத் தொழிற்சாலை கொடுத்தவை. பின்னால் அது வடக்கு பிரான்சில் சேன் கொபேன் என்ற கிராமத்துக்குப் போனது. கிராமத்தின் பெயரே கம்பெனிக்கும் நிலைத்துவிட்டது. நம் ஊர்க்காரர்கள் ‘செயின்ட் கோபைன்’ என்று சொல்கிறோமே, அதே கம்பெனிதான். 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடித் தயாரிப்பை ஆரம்பித்தார்கள். பதினான்காம் லூயிக்கு முகம் பார்க்கக் கண்ணாடி செய்த கம்பெனியின் வாசலில் இன்று நம் பிள்ளைகள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள்.

மூன்றாவது காரியத்துக்கு வருவதற்கு முன் முதலாவதைப் பற்றி இரண்டு வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மூலதனம் 1 கோடியே 50 லட்சம் லீவ்ர் என்று திட்டம். ராஜா தன் பங்காக 30 லட்சம் போட்டார். மீதியை ஜனங்கள் போட வேண்டும். ஜனங்களுக்கோ நம்பிக்கை இல்லை. அதனால் கொல்பேர் ஷார்ப்பாந்த்தியே என்ற எழுத்தாளரைக் கொண்டு, இந்திய வியாபாரத்தின் மகிமையை விளக்கி ஒரு சிறு நூல் எழுத வைத்தார். இன்றைய கம்பெனிகள் பங்கு வெளியிடும்போது போடும் விளம்பரத்துக்கு அது பாட்டன். அதுவும் போதாமல் நகரங்களுக்குக் கடிதம் போனது. நீதிபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ‘நீங்கள் பங்கு வாங்காவிட்டால் நன்றாக இருக்காது’ என்று குறிப்புப் போனது. மேலிடத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட பலர் முதல் தவணையைக் கட்டிவிட்டு, அடுத்த தவணைகளுக்குக் காணாமல் போனார்கள். போட்ட பணம் போனாலும் போகட்டும் என்று விட்டவர்களும் உண்டு. வற்புறுத்தி வரவழைத்தவன் முதல் நாள் வருவான், இரண்டாம் நாள் வரமாட்டான் என்பதற்கு நான் படித்தவரையில் இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இப்போது மூன்றாவது காரியம். பிரெஞ்சு மொழிக்கு அகராதி செய்வதற்கென்று ரிஷ்லியூ என்ற மந்திரி 1635-ல் பிரெஞ்சு அகாதெமியை ஏற்படுத்தினார். நாற்பது அறிஞர்கள். நாற்பது வருஷம் ஆகப் போகிறது, அகராதி முடிந்தபாடில்லை. காரணம், கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. வருகிறவர்களும் நேரத்துக்கு வருவதில்லை. ஒருவர் வரும்போது இன்னொருவர் கிளம்பிக்கொண்டிருப்பார். கொல்பேரும் அகாதெமியில் ஓர் உறுப்பினர். ஏன் இவ்வளவு தாமதம் என்று பார்க்க ஒரு நாள் திடீரென்று வந்து உட்கார்ந்தார். அன்று ‘நண்பன்’ என்ற ஒரே சொல்லின் பொருளை விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க, இது அவசரப்படுத்தக்கூடிய வேலை இல்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது என்று சொல்வார்கள்.

வேலை மெதுவாக நடக்கலாம், ஆனால் ஆள் வராமல் நடக்காது அல்லவா? 1670-களில் அவர் மூன்று ஏற்பாடு செய்தார். ஒன்று, கூட்டம் ஆரம்பிக்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் நிர்ணயம் செய்து, ஒரு பெண்டுலம் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு, யார் வந்தார் என்று எழுத ஒரு பதிவேடு. மூன்று, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாற்பது வெள்ளி வில்லைகள். அதற்கு பிரெஞ்சில் ‘ழெத்தோன்’ என்று பெயர். பழைய காலத்தில் கணக்குப் போட மேஜைமேல் பரப்பி வைக்கும் வில்லைக்கு அந்தப் பெயர், நம் ஊரில் சோழி வைத்து எண்ணுவது போல. கடிகாரம் அடிப்பதற்குள் வந்தவருக்கு ஒரு ழெத்தோன். தாமதமாக வந்தால் கிடையாது. வராதவர்களின் பங்கை வந்தவர்கள் பிரித்துக்கொள்ளலாம்.

இதில்தான் கொல்பேரின் சாமர்த்தியம். மற்றவன் வராமல் போனால் எனக்கு லாபம் என்றால், நான் தவறாமல் போவேன். இந்த யோசனையைச் சொன்னதிலும் நடத்திப் பார்த்ததிலும் அவருடைய உதவியாளர் ஷார்ல் பெரோவுக்குப் பங்கு உண்டு. பேரப்பிள்ளைகளுக்குச் சிண்டரெல்லா கதை சொல்கிறோமே, அதை எழுதியவர் அவர்தான். மணி அடித்தால் எல்லாம் மாறிவிடும் என்ற எண்ணம் அந்தக் கதையிலும் இருக்கிறது.

கூட்டம் சேர்ந்தது. கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. அகாதெமி உறுப்பினர் ஃப்யூர்த்தியேர் என்பவர் தனியாக ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். அதற்காக 1685-ல் அவரை வெளியே தள்ளினார்கள். அவர் சும்மா இருப்பாரா? வேலைக்காக இல்லாமல் வில்லைக்காக மட்டும் வந்து உட்காருகிற ஆட்கள் என்று தம் பழைய சகாக்களை ‘ழெத்தோனியே’ என்று கேலி செய்து எழுதினார். ‘வில்லைக்காரர்கள்’ என்று தமிழில் சொல்லலாம். ஃப்யூர்த்தியேர் 1688-ல் இறந்துபோனார். அவர் தனி ஆளாக எழுதிய அகராதி 1690-ல் வெளிவந்தது. நாற்பது பேர் கூடி, வெள்ளி வாங்கி, வாதம் செய்து எழுதிய அகாதெமி அகராதி 1694-ல்தான் வந்தது.

அந்தச் சொல் லேசில் சாகவில்லை. பிரான்சில் கம்பெனி இயக்குநர்கள் கூட்டத்துக்கு வந்ததற்காக வாங்கும் பணத்துக்குச் சட்டத்திலேயே ‘வருகை ழெத்தோன்’ என்றுதான் பெயர் இருந்தது. 2019-ல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டுச் சாதாரணமாக ‘ஊதியம்’ என்று மாற்றியது. நம் நாட்டிலும் அது உண்டு, சிட்டிங் ஃபீஸ் என்று. இயக்குநர் ஒரு கூட்டத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் வாங்கலாம் என்று நம் கம்பெனிச் சட்டத்தின் விதி சொல்கிறது. மேலே உட்காருகிறவருக்கு வெள்ளிக் காசு இன்றைக்கும் நிற்கவில்லை. கீழே உட்காருகிறவர் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆங்கிலேயக் கம்பெனியில் நடந்தது இன்னொரு விதம். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் 500 பவுண்டு பங்கு வைத்திருப்பவருக்கு ஓட்டு உண்டு. 1760-களில் நம் ஆற்காட்டு கிளைவுக்கும் கம்பெனியின் தலைவர் சலிவனுக்கும் தகராறு. மீர் ஜாபர் கொடுத்த ஜாகீரிலிருந்து கிளைவுக்கு வருஷம் 27,000 பவுண்டு வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பது சலிவன் கட்சி. கிளைவ் என்ன செய்தார் தெரியுமா? சுமார் 1 லட்சம் பவுண்டு அளவுக்குப் பங்கைப் பிடித்து, அதை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து, தனக்கு வேண்டியவர்கள் பெயரில் எழுதிக் கொடுத்துக் கூட்டத்துக்கு அனுப்பினார். எதிர்க்கட்சியும் அதையே செய்தது. 1763-ல் கூட்டம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பலர் அன்றைக்கு மட்டும் பங்குதாரர்கள். அந்த வருஷம் சலிவன் ஜெயித்து ஜாகீர் பணத்தை நிறுத்தினார். அடுத்த வருஷம் வங்காளத்தில் நிலைமை கெட்டதும் கிளைவ் கட்சி ஜெயித்து, ஜாகீர் பத்து வருஷத்துக்கு உறுதியானது. இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் 1767-ல் பார்லிமெண்ட், ஆறு மாதமாவது பங்கை வைத்திருந்தவருக்கே ஓட்டு என்று சட்டம் போட்டது. 1773-ல் அது ஒரு வருஷமாகவும், 500 பவுண்டு 1,000 பவுண்டாகவும் உயர்ந்தது.

ஆக, காலி நாற்காலி ஒரு வியாதி என்றால், வாடகைக்கு ஆள் பிடித்து நிரப்பிய நாற்காலி அதைவிடப் பெரிய வியாதி. இதை நம் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அதிகமாகச் சொல்ல வேண்டியதில்லை. லாரியும் பிரியாணிப் பொட்டலமும் நாம் பார்க்காததா?

இனி நம் நாட்டுச் சட்டம். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணிக்கைக்கு அலுவலகத்தில் ‘கோரம்’ என்போம். ‘கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதி எழுதி என் கை தேய்ந்திருக்கிறது. கோரம் இருந்தாலும் கோரம், இல்லாவிட்டாலும் கோரம் என்று எங்கள் பிரிவில் ஒரு நகைச்சுவை உண்டு. 1956 கம்பெனிச் சட்டத்தில் பொதுக் கம்பெனிக்கு நேரில் ஐந்து பேர் வந்தால் போதும். 2013 சட்டம் அதைக் கொஞ்சம் உயர்த்தியது. உறுப்பினர் ஆயிரம் வரை என்றால் 5 பேர், ஐயாயிரம் வரை 15 பேர், அதற்கு மேல் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் 30 பேர். அரை மணி நேரம் பார்த்தும் அந்த முப்பது பேர் சேரவில்லை என்றால், அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடம். அன்றும் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். லட்சம் பேருக்குச் சொந்தமான ஒரு கம்பெனியின் கணக்கை ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தே நிறைவேற்றிவிடலாம் என்று அர்த்தம்.

அப்படியும் ஒரு காலத்தில் ஜனங்கள் போனார்கள். சென்னையில் சபா அரங்குகளில் நடந்த வருடாந்திரப் பொதுக்கூட்டங்களுக்கு நானும் சில முறை போயிருக்கிறேன். கையில் பத்துப் பங்கு, இருபது பங்கு வைத்திருக்கும் ஓய்வூதியக்காரர்கள்தான் அதிகம். காலையில் எட்டரை மணிக்கே வரிசை. வருகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் இனிப்பு, மிக்சர், காபி. சில கம்பெனிகளில் அவர்கள் செய்யும் பொருளே ஒரு பையில் கிடைக்கும். பையை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. அதே கூட்டத்தில், ஆண்டறிக்கையைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்துவிட்டு வந்து, “எழுபத்தெட்டாம் பக்கத்தில் கடன் ஏன் ஏறியிருக்கிறது?” என்று கேட்கிற பெரியவர்களும் இருந்தார்கள். தலைவர் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் போனேன்.

2015 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த, இந்தியக் கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் வகுத்த கூட்ட நெறிமுறை, பங்குதாரர் கூட்டத்தில் பரிசுப் பொருளோ, பரிசுக் கூப்பனோ, அதற்கு ஈடாகப் பணமோ கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இயக்குநருக்கு லட்சம் வரை. உறுப்பினருக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கூடாது. நியாயம் இருக்கிறது. பையைக் கொடுத்து ஓட்டு வாங்கக் கூடாது அல்லவா? ஓட்டுக்கும் நேரில் போக வேண்டியதில்லை, கூட்டத்துக்கு முன்பே கணினி வழியாகப் போட்டுவிடலாம் என்று ஆயிற்று. 2020-ல் கொரோனா வந்தது. ஏப்ரல், மே மாதச் சுற்றறிக்கைகளில் மத்திய அரசு காணொளிக் கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. பெரிய கம்பெனிகள் குறைந்தது ஆயிரம் உறுப்பினர்களாவது சேரும்படி வசதி செய்ய வேண்டும், முதலில் வருகிறவருக்கு முதலிடம் என்று விதி. கொரோனா போனபின்னும் பல கம்பெனிகள் காணொளியை விடவில்லை. டெல்லியிலும் மும்பையிலும் நடக்கும் கூட்டத்தை வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது நன்மை. பென்சில் கோடு போட்ட பெரியவர் மைக் முன்னால் போய் நிற்க முடியாது என்பது நஷ்டம்.

பையாசை நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். ஒரகடத்தில் லாரி செய்யும் டைம்லர் கம்பெனியின் தாய்க் கம்பெனி 2016 ஏப்ரலில் பெர்லினில் பங்குதாரர் கூட்டம் நடத்தியது. வந்தவர்கள் சுமார் 5,500 பேர். அவர்களுக்காக 12,500 சாசேஜ் தயார். ஒருவர் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து, வீட்டுக்குக் கொண்டுபோகப் பொட்டலம் கட்டியிருக்கிறார். ஓர் அம்மாள் தட்டிக் கேட்க, வாய்ச்சண்டை முற்றி, போலீஸ் வரவேண்டியதாயிற்று. ‘ஒன்று சாசேஜைக் கூட்ட வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும்’ என்று கம்பெனித் தலைவரே சொல்லும்படி ஆனது. பென்ஸ் கார் கம்பெனியின் பங்குதாரர்கள்! ஃப்யூர்த்தியேர் இருந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்.

ஜப்பானில் கதை தலைகீழ். அங்கே கம்பெனிகளே ஆள் வரக்கூடாது என்று பார்த்தன. ‘சோகையா’ என்ற ஒரு கூட்டம் நாலு பங்கை வாங்கி வைத்துக்கொண்டு, ‘பணம் கொடு, இல்லாவிட்டால் பொதுக்கூட்டத்தில் உன் மானத்தை வாங்குவேன்’ என்று மிரட்டிப் பிழைத்தது. அவர்களைச் சமாளிக்க, கம்பெனிகள் எல்லாம் ஜூன் கடைசியில் ஒரே நாளில் கூட்டத்தை வைத்தன. 1990-களின் நடுவில் டோக்கியோ பங்குச் சந்தைக் கம்பெனிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் அப்படி ஒரே நாளில் நடத்தியிருக்கின்றன. மிரட்டுகிறவன் ஒரு கூட்டத்துக்குத்தான் போக முடியும். நேர்மையான பங்குதாரரும் அப்படியே. நாள் குறிப்பதிலேயே யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது அடங்கிவிடுகிறது.

இந்த வரலாற்றிலிருந்து நம் பகுதிக் கம்பெனிகளில் விழா நடத்துகிற பிள்ளைகளுக்குச் சொல்ல நாலு விஷயம் இருக்கிறது. முதலில் கடிகாரம். இரவு ஷிப்ட் முடித்தவன் காலை பத்து மணி விழாவுக்கு எப்படி வருவான்? ஷிப்டைப் பார்த்து நேரம் வையுங்கள், வீட்டார் வந்து திரும்ப பஸ் விடுங்கள். இரண்டாவது, பாஷை. விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாத அறிவிப்பு, ஒட்டாத அறிவிப்புக்குச் சமம். மூன்றாவது, பரிசு. கொடுங்கள், தப்பில்லை. நேரத்துக்கு வந்தவருக்கு முதலில் கொடுங்கள். ஆனால் பரிசு மட்டும்தான் காரணம் என்றால் வருவது வில்லைக்காரர்கள்தான். நாலாவது, கொல்பேரின் கம்பெனிப் பாடம். ‘வராவிட்டால் பெயர் குறித்துக்கொள்வோம்’ என்று சொல்லாதீர்கள். உடம்பு வரும், மனசு வராது. போன வருஷம் கேண்டீனைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கேட்டதற்கு இந்த வருஷம் மேடையில் பதில் சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில் வருகிற இடத்துக்கு ஜனங்கள் தானாக வருவார்கள்.

இதை நம் மாவட்டத்துக்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். உத்திரமேரூர் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதில் வருகையைப் பற்றியும் இருக்கிறது. குடவோலை எடுக்கும் நாளில் சிறியவர் பெரியவர் எல்லோருமாகச் சபை நிறையக் கூட வேண்டும், அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் சபை மண்டபத்துக்குள் உட்கார வேண்டும், சீட்டை எல்லோர் முன்னாலும் எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையில் எல்லா ஜாதிக்கும் இடம் இருக்கவில்லை, பெண்களுக்கும் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், ஆள் பார்க்க நடக்காத காரியம் செல்லாது என்ற எண்ணம் அந்தக் கல்லில் இருக்கிறது.

இப்போது மூன்று எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனிக் கூட்டத்துக்கு அதிகபட்சக் கோரம் 30 என்று பார்த்தோம். நம் கிராம சபைக்குத் தமிழ்நாட்டு விதி, ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் இருந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். மூன்றாவது, பெரிய தொழில்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் நடத்த வேண்டிய பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் வேண்டும், கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், பேசியதன் சுருக்கத்தைக் கடைசியில் ஜனங்கள் பாஷையில் படித்துக் காட்ட வேண்டும். கோரம்? கோரம் எதுவும் தேவையில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒருவரும் வராவிட்டாலும் கூட்டம் கூட்டம்தான். அங்கீகாரம் பெற்ற தொழிற்பூங்காவுக்குள் வரும் ஆலைகளுக்கு அந்தக் கூட்டத்திலிருந்தே விலக்கு உண்டு. சிப்காட் பூங்காக்கள் நிறைந்த நம் பகுதிக்கு இதன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

நான் கம்பெனிகளுக்கு எதிரி இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார்கள் வெளியே வந்ததிலிருந்து இந்தப் பகுதியில் எத்தனை ஓலை வீடு மாடி வீடாயிற்று என்பது எனக்கும் தெரியும். 2014-ல் நோக்கியா மூடியபோது எத்தனை வீட்டில் அடுப்பு தடுமாறியது என்பதும் தெரியும். என் கவலை வேறு. கூப்பிட்ட கூட்டத்தில் பேச இடமில்லாவிட்டால், ஜனங்கள் கூப்பிடாத இடத்தில் கூடுவார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மற்றப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அழைப்பிதழ் இல்லை, பரிசு இல்லை, பஸ் இல்லை. 2024 செப்டம்பர் 9-ல் ஆரம்பித்து 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது, நிர்வாகத்தோடு பேச எங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது. அதாவது கூட்டத்தில் ஒரு நாற்காலி. அதில் யார் பக்கம் நியாயம் என்று வாசகர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். ஆள் வரவில்லை என்று ஒருவரும் புலம்பவில்லை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

நம்மைப் போன்ற வயசானவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கிராம சபைக்கு வர நேரம் இல்லை. நமக்கு இருக்கிறது. ஏரிக் கால்வாயில் என்ன கலக்கிறது, குடிநீர்க் குழாயில் என்ன நிறத்தில் வருகிறது, லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவர்களும் நாம்தான். அடுத்த கிராம சபைக்கு மோர் கொடுப்பார்களா என்று கேட்காமல் போய் உட்காருங்கள். போன தடவைத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதினார்களா என்று பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள். நாற்பது வருஷம் குறிப்பு எழுதியவன் சொல்கிறேன், பதிவேட்டில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும்.